ஹீட்டர் காயில் சிவக்கவில்லையா, அடிக்கடி அறுகிறதா? கம்பியின் தடிமனைச் சரிபார்க்கும் வழி

குன்னூரில் டிசம்பர் பிறந்துவிட்டால் என் மேசைக்கு வரும் சாமான்களில் பாதி காயில் அடுப்பும் ரூம் ஹீட்டரும்தான். ஊட்டியை ஒட்டிய தலைகுந்தா, காந்தல் பக்கம் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் நாட்களில் ஒரு வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால் அது சின்ன விஷயம் இல்லை, கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அதனால் காயில் வேலையை நான் ரொம்ப மதிக்கிறேன். கொண்டுவருபவர்கள் "காயில் போயிடுச்சுண்ணா, வேற போட்டுக் கொடுங்க" என்பார்கள், எத்தனை கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், எண் ஏற ஏறக் கம்பி மெலியும்), எவ்வளவு நீளம் என்று கேட்பவர்கள் குறைவு, கடையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போய் அடுத்த வாரமே திரும்பி வருவார்கள்.

இணையத்தில் கம்பி தடிமன் என்று தேடினால் முதலில் வருவது வேப், அதாவது மின்சிகரெட், காயில் சுற்றுகிறவர்களின் பட்டியல்கள். இந்தியாவில் மின்சிகரெட் தயாரிப்பும் விற்பனையும் 2019-ல் சட்டம் போட்டுத் தடை செய்யப்பட்டவை, அதை விடுங்கள், அந்தப் பட்டியலே நமக்கு உதவாது. அங்கே 4 வோல்ட் பேட்டரி, ஒரு ஓமுக்கும் குறைந்த மின்தடை, விரல் நீளக் கம்பி. நமக்கு 230 வோல்ட், 50 ஓம், எட்டுப் பத்து மீட்டர் கம்பி. கம்பி என்னவோ நிக்ரோம், காந்தால் என்ற அதே இரண்டு உலோகக் கலவைகள்தான், கணக்குதான் வேறு.

வேலைக்கு முன்னால் ஒன்று. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி உங்கள் கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் காயிலில் கரண்ட் நிற்கும். மல்டிமீட்டர் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

காயில் மங்கலாகத்தான் சிவக்கிறது

கம்பியைத் தொடாதீர்கள். முதலில் வோல்டேஜ் பாருங்கள், அதுவும் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து சாக்கெட்டில். வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும், அதனால் 230-ல் 1000 வாட் கொடுக்கும் காயில் 200-ல் 756 வாட், 180-ல் 612 வாட்தான் கொடுக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே ஹீட்டரும் கீசரும் போடும் நேரத்தில், நீளமான லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் 180 என்பது நான் பலமுறை பார்த்த எண். பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932-லிருந்து மின்சாரம் எடுக்கும் நீலகிரி மாவட்டம்தான் இது, ஆனால் உங்கள் சாக்கெட்டுக்கு வருவதைத் தீர்மானிப்பது அங்கே உற்பத்தியாவது இல்லை, டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் கம்பியின் நீளமும் அந்த நேரத்துச் சுமையும்தான்.

அடுப்பைப் போடும் முன் 220, போட்டவுடன் 190 என்று விழுந்தால் அது ஊர்ப் பிரச்சினை இல்லை, உங்கள் வீட்டு வயரிங்கிலோ கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரிலோ ஒரு ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது. காயிலுக்குப் போக வேண்டிய சூடு அந்த ஜாயின்ட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், தீப்பிடிக்கும் இடம் அது, வயர்மேனை அன்றைக்கே கூப்பிடுங்கள்.

இதில் எல்லோரும் செய்யும் தப்பு, காயிலைக் கொஞ்சம் வெட்டிக் குறைப்பது. நானும் செய்திருக்கிறேன். தலைகுந்தாவில் என் அத்தை வீட்டில், அடுப்பு சிவக்கவில்லை என்று சாயங்காலம் கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டேன். 53 ஓம் இருந்தது 40 ஆயிற்று, 180 வோல்டில் 810 வாட், அழகாகச் சிவந்தது, அத்தைக்கு ரொம்ப சந்தோஷம். இரவு ஊர் அடங்கியதும் வோல்டேஜ் 230-க்கு ஏறியபோது அதே காயில் 1300 வாட்டுக்கு மேல் இழுத்திருக்கிறது. காலையில் அறுந்து கிடந்தது, அதன் கீழே பீங்கான் தட்டு விரிசல் விட்டிருந்தது. அத்தை அன்று குளிரில் விறகு பொறுக்கினார், அது இன்னும் எனக்கு வலிக்கிறது. நாள் முழுக்க வோல்டேஜ் குறைவாக இருந்தால் வாட்டுக்கு ஏற்ற ஸ்டெபிலைசர் வையுங்கள், மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். காயிலின் ஓம் 230-க்கு உரியதாகவே இருக்கட்டும்.

வோல்டேஜ் சரி, ஆனாலும் புதுக் காயில் பழையது போலச் சூடாகவில்லை

இதற்கு இரண்டு காரணம்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒன்று, கேஜ் குழப்பம். நம் கடைகளில் 26 கேஜ் என்றால் பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி., அதாவது 0.457 மி.மீ. ஆன்லைனில் வாங்கும் 26 பெரும்பாலும் அமெரிக்க அளவான ஏ.டபிள்யூ.ஜி., அது 0.405 மி.மீ.தான். எண் ஒன்றே, ஆனால் அதே நீளத்துக்கு மின்தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். 24 கேஜிலும் இப்படித்தான், நம்முடையது 0.559, அவர்களுடையது 0.511.

இரண்டு, கம்பியின் வகை. நிக்கல் 80, குரோமியம் 20 கலந்த நிக்ரோமும், இரும்பு குரோமியம் அலுமினியம் கலந்த காந்தாலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதே தடிமனில் காந்தால் ஏ1-க்கு மின்தடை மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பழைய நிக்ரோமின் நீளத்தையே அளந்து காந்தாலில் வெட்டினால் வாட் முக்கால்வாசியாகிவிடும். கண்டுபிடிக்க ஒரு காந்தத் துண்டு போதும், காந்தால் ஒட்டும், 80/20 நிக்ரோம் ஒட்டாது.

தடிமனை அளக்க மைக்ரோமீட்டர் இல்லையா? ஒரு பென்சிலில் இடைவெளி இல்லாமல் 20 சுற்று சுற்றி ஸ்கேலால் அகலத்தை அளங்கள். 14 மி.மீ. வந்தால் 22 கேஜ், 11 வந்தால் 24, 9 வந்தால் 26, ஏழரை வந்தால் 28.

எப்படியானாலும் நீளத்தை நம்பி வெட்டாதீர்கள், ஓமை நம்பி வெட்டுங்கள். 230 வோல்டில் 1000 வாட்டுக்கு 53 ஓம், 1500-க்கு 35, 2000-க்கு 26 சொச்சம். மீட்டரின் இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு அது காட்டும் அரை ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். நிக்ரோம் சிவந்தபின் மின்தடை ஏறுவது சில சதவீதம்தான், பல்ப் இழை மாதிரி பல மடங்கு ஏறாது, அதனால் குளிர்ந்த நிலையில் அளந்த ஓமே கணக்குக்குப் போதும்.

ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் அறுந்துவிடுகிறது

இங்கேதான் தடிமன் முழுசாக வருகிறது. நிக்ரோமில் 53 ஓமை 28 கேஜில் 5.4 மீட்டரிலும் எடுக்கலாம், 26-ல் 8 மீட்டரிலும் எடுக்கலாம், 24-ல் 12 மீட்டரிலும் எடுக்கலாம். மூன்றும் 1000 வாட்தான், மின்கட்டணமும் ஒன்றுதான், அறைக்குள் வரும் சூடும் ஒன்றுதான். ஆனால் அந்த 1000 வாட்டை வெளியே தள்ளும் கம்பித் தோலின் பரப்பு மூன்றிலும் வேறு. கணக்குப் போட்டால் 28 கேஜில் ஒவ்வொரு சதுர செ.மீ. தோலும் கிட்டத்தட்ட 16 வாட்டைத் தள்ள வேண்டும், 26-ல் 9-க்குக் கொஞ்சம் குறைவு, 24-ல் 5-க்கும் குறைவு. ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்குவதற்கும் ஆறு பேர் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். 28 கேஜ் கம்பி ஆரஞ்சைத் தாண்டி வெளுக்கும், மேலே இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் உரிந்து உரிந்து விழும், கம்பி இளைத்துக்கொண்டே போய் ஒரு நாள் அறுந்துவிடும்.

திறந்த காயில் அடுப்புக்கு என் அனுபவத்தில் 1000 வாட் என்றால் 26 கேஜ், இடம் இருந்தால் 24. 2000 வாட் என்றால் 22-ஐ விட மெலிதாகப் போகவே மாட்டேன், அதுவே சதுர செ.மீ.க்கு 9 வாட் வந்துவிடுகிறது. 2000 வாட்டை 24-ல் போட்டால் 6 மீட்டர் போதும், கம்பிச் செலவு குறையும், ஆனால் 19 வாட், சீசனைத் தாண்டாது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் தடித்த கம்பியையே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். பள்ளத்தில் இடம் இருக்காது. பீங்கான் தட்டின் பள்ளத்தை ஒரு நூலால் அளந்தால் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 26 கேஜை அச்சாக வைத்த 6 மி.மீ. கம்பியில் சுற்றினால் 8 மீட்டருக்கு 390 சுற்று சொச்சம், நெருக்கிச் சுற்றியபோது 18 செ.மீ. நீளம், பள்ளத்துக்கு அது மூன்று மடங்குக்கு மேல் நீண்டு நன்றாக உட்காரும். அதே 6 மி.மீ. கம்பியில் 24 கேஜ் 12 மீட்டரைச் சுற்றினால் நெருக்கமாகவே 33 செ.மீ. வரும், பள்ளத்தில் இரண்டு மடங்குகூட நீளாது, சுற்றுகள் ஒன்றையொன்று உரசும். 8 மி.மீ. கம்பியில் சுற்றினால் 25 செ.மீ.க்கு வந்து சரியாகிவிடும், ஆனால் பள்ளம் அந்த அகலத்துக்கும் ஆழத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். காயில் பள்ளத்தை விட்டு மேலே எழும்பி நின்றால் பாத்திரத்தின் அடியைத் தொடும், தொட்டால் பாத்திரமே ஃபேஸ். அதனால் பள்ளத்துக்குள் முழுசாக அமுங்கும் அளவுக்கு எது தடித்ததோ அதை எடுங்கள்.

ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்கே காற்று சமவெளியை விட ஐந்தில் ஒரு பங்கு லேசு, காயிலின் சூட்டைக் கொண்டுபோகும் காற்றும் அந்த அளவு குறைவு. சிவந்து எரியும் அடுப்புக் காயிலில் பெரும்பகுதி சூடு கதிராகவே போய்விடுவதால் அதற்கு வித்தியாசம் சின்னதுதான். ஃபேன் வைத்த ப்ளோயர் ஹீட்டரில் அது தெரியும். ப்ளோயரின் கம்பி காற்றடியை நம்பியே மெலிதாகப் போட்டது, அதே கேஜை அடுப்பில் போட்டால் நிற்காது. ப்ளோயரில் காயில் திடீரென்று சிவக்க ஆரம்பித்தால் ஃபேனைப் பாருங்கள், பஞ்சும் தூசியும் அடைத்திருக்கும். உள்ளே இருக்கும், சூடு மிஞ்சினால் தானாக அணைக்கும் தெர்மல் கட்-அவுட்டை நேராக இணைத்து "சரிசெய்த" ஹீட்டர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்கும் சாமான் அது.

ஒரே இடத்தில் மட்டும் வெளுப்பாக எரிகிறது

தடிமன் தேர்வு சரியாக இருந்தும் இது வரும். காயிலைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பள்ளத்தில் அமுக்கினால் சில இடம் நெருக்கம், சில இடம் அகலம் என்று ஆகிவிடும், நெருக்கமான இடத்தில் சுற்றுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். இரண்டு முனையையும் பிடித்து ஒரே இழுப்பில், தேவையான நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக இழுத்து விட்டுவிட்டு அப்புறம் அளந்து மறுபடி இழுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே கம்பித் தடிமனைப் போல ஒரு மடங்காவது, முடிந்தால் இரண்டு மடங்கு வெளி வேண்டும்.

பிளையரால் கவ்விய தழும்பு இருந்தாலும் அந்த இடம் இளைத்து முதலில் வெளுக்கும், மூக்குப் பிளையரை முனைகளைத் தவிர வேறு எங்கும் வைக்காதீர்கள். பொங்கி வழிந்த பாலும் உப்புத் தண்ணீரும் காய்ந்து ஒட்டிய இடமும் அப்படித்தான், ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, உலர்ந்த பல் துலக்கும் பிரஷால் சுரண்டி எடுங்கள்.

அறுந்த காயிலின் இரண்டு முனையையும் கொக்கி போட்டு மாட்டி ஓட்டுவது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் கொக்கிக்கு நடுவில் ஆக்சைடு படலம் இருப்பதால் அங்கே தனியாக ஒரு மின்தடை, பொறி பறக்கும், இரண்டு நாளில் அதே இடம் மறுபடி போகும், தவிர ஒவ்வொரு முறையும் காயில் சின்னதாகி வாட் ஏறுகிறது. சிவந்து ஓடிய கம்பி வளைத்தால் மொடமொடவென்று ஒடியும், காந்தால் இன்னும் மோசம். மாற்றிவிடுங்கள்.

முனை கருகுகிறது, பிளக் உருகுகிறது

காயிலின் சிவப்பு டெர்மினல் வரைக்கும் வரக்கூடாது. இரண்டு முனையிலும் கடைசி ஏழெட்டு செ.மீ. கம்பியை இரட்டையாக மடித்து முறுக்கிவிட்டால் அந்தப் பகுதியின் மின்தடை பாதியாகும், தோல் பரப்பு இரண்டு மடங்காகும், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் வரும் சூடு நாலில் ஒரு பங்குதான், முனை கறுப்பாகவே நிற்கும். ஓமை அளந்து வெட்டுவதற்கு முன்பே இந்த நீளத்தை ஒதுக்கி வையுங்கள். அதன் மேல் பீங்கான் மணி கோத்து, நட்டு வாஷர் வைத்து இறுக்குங்கள். ஈயப் பற்று வேண்டாம், உருகி ஓடிவிடும். இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம்.

பிளக் உருகுவதற்குக் காயில் காரணம் இல்லை. 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் வேறு என்ன ஆகும். 16 ஆம்பியர் பெரிய பிளக், அதற்கேற்ற வயர், மூன்றாவது முள்ளில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்ற சோதனை, இது மூன்றும் இல்லாமல் 2000 வாட் காயில் சுற்றிக் கொடுக்க நான் ஒத்துக்கொள்வதில்லை.

பாக்கெட் ஒட்டும் மெஷினில் ஒட்டவில்லை, அல்லது பாக்கெட்டே அறுந்துவிடுகிறது

சாக்லேட், டீத்தூள் கடைக்காரர்கள் கேட்பது இது. உள்ளே இருப்பது தட்டையான நிக்ரோம் பட்டை, டிரான்ஸ்பார்மரிலிருந்து குறைந்த வோல்டேஜ் வருகிறது. இங்கே பட்டையின் நீளத்தை நீங்கள் மாற்ற முடியாது, வோல்டேஜும் மாறாது, அதனால் கணக்கு அடுப்புக்குத் தலைகீழ். தடித்த பட்டை போட்டால் மின்தடை குறைந்து கரண்ட் கூடும், சூடு கூடும், டிரான்ஸ்பார்மரும் காயும். மெல்லியது போட்டால் சூடு குறையும். பழைய பட்டையின் அகலத்தையும் தடிமனையும் அளந்து அதே அளவு வாங்குங்கள், இதில் சொந்த யோசனை வேண்டாம். மேலே இருக்கும் டெஃப்லான் துணி கருகியிருந்தால் பட்டை நன்றாக இருந்தும் பாக்கெட் ஒட்டிக்கொண்டு கிழியும். குளிர்காலத்தில் காலையில் கடை திறந்ததும் முதல் நாலைந்து பாக்கெட் சரியாக ஒட்டாமல் போவது கோளாறே இல்லை, மெஷினின் ஒட்டும் தாடை சில்லென்று இருக்கிறது, டைமரை ஒரு புள்ளி ஏற்றி வைத்து, சூடு ஏறியதும் இறக்குங்கள்.

மழைக்காலம் முடிந்து முதல் நாள் போட்டால் டிரிப் ஆகிறது

குழாய்க்குள் காயில் வைத்து அடைத்த வகை, அதாவது கீசர், வாட்டர் ஹீட்டர், ஆயில் ஹீட்டர் எல்லாம். உள்ளே கம்பியைச் சுற்றி இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சும், ஜூனிலிருந்து மூலையில் கிடந்ததை நவம்பரில் செருகினால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழத்தான் செய்யும். அது விழுந்ததால்தான் உங்களுக்கு ஷாக் அடிக்கவில்லை, அதை மாற்றி நேராகக் கொடுக்கச் சொல்லாதீர்கள். வெயில் அடிக்கும் இடத்தில் இரண்டு மூன்று நாள் முனைகளை மேலே வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். அப்படியும் விழுந்தால் எலிமென்ட்டை முழுசாக மாற்ற வேண்டியதுதான், இந்த வகையில் கம்பி சுற்றும் வேலையே இல்லை.

காயில் நன்றாகச் சிவக்கிறது, பருப்பு வேகவில்லை

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றுக்குத் திருப்பூரிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண் இதற்காக இரண்டு முறை அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், வாட் பார்த்தேன், ஓம் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கோத்தகிரியில் அதைவிட ஓரிரு டிகிரி கூட, அதற்கு மேல் எத்தனை வாட் கொடுத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, ஆவிதான் போகும். குக்கரில் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.